ஆஷாடம் முடிந்ததும் வாருங்கள்

1

சட்டசபைக் கூட்டம் முடிந்து எங்கள் எம்.எல்.ஏ. வீடு திரும்பிவிட்டார் என்பதை அவர் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்தே சொல்லிவிடலாம். கூட்டம் நடக்கிற நாட்களில் அந்தக் கிரானைட் படிகள் வெறுமையாக இருக்கும். காவலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து போனில் சினிமா பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ஊருக்கு வந்துவிட்டால் விடிந்த கொஞ்ச நேரத்தில் படியே தெரியாது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களின் ஷூ, இடமாற்றத்துக்காக வந்த வாத்தியார்களின் தோல் செருப்பு, ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசு கேட்டு வந்தவர்களின் தேய்ந்த ரப்பர் செருப்பு.

இந்த வாரம் பெலகாவியில் குளிர்காலக் கூட்டம் முடிந்தது. என் மகள் இனியா இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அந்தப் படிகளைப் பார்த்தேன். நிறைந்து கிடந்தன.

மைசூரில் இருந்துகொண்டு புலம்பெயர்ந்த கதை எழுதுவதா என்று ஊரில் நீங்கள் சிரிக்கலாம். மாயவரத்தில் சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் காலையில் இறங்கிவிடுகிற தூரம். பாஸ்போர்ட் வேண்டாம். அதே இட்லி, அதே ரூபாய் நோட்டு. கனடாவில் இருக்கும் என் சித்தி மகன் எழுதினால் பனியைப் பற்றி எழுதுவான். எனக்குச் சொல்வதற்கு ஒரு சாக்கடை வாய்க்கால்தான் இருக்கிறது. ஆனாலும் கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும், இங்கே யாரிடம் எதை எந்த நேரத்தில் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அது தெரியாத இடத்தை வெளியூர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? அந்தத் தெரியாமைக்கு விலை கொடுத்தது நான் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2

எங்களுடையது ஒரு காம்பவுண்டுக்குள் முன்பக்க வீடு. பின்னால் இருக்கிற இரண்டு அறை வீட்டில் மங்களா, அவள் கணவர் சித்தராஜு, மகள் பூமிகா. மங்களா கொள்ளேகால் பக்கம். தமிழும் கன்னடமும் அவள் வாயில் ஒரே வாக்கியத்தில் வரும். காலையில் கார்மென்ட்ஸ் கம்பெனி பஸ்ஸில் போனால் இருட்டும்போதுதான் வருவாள். சித்தராஜு டைல்ஸ் ஒட்டுகிறவர். பூமிகா மூன்றாம் வகுப்பு.

பூமிகாவுக்குப் பிறந்ததிலிருந்தே கால்களில் வலு இல்லை. இரும்புப் பட்டை வைத்த காலணியைப் போட்டு, கையில் வாக்கரைக் கொடுத்தால் சமதரையில் நடந்துவிடுவாள். மெதுவாகத்தான், ஆனால் யாரையும் பிடிக்கவிட மாட்டாள். என் மகள் உதவிக்குக் கை நீட்டினால் ஒரு முறை முறைப்பாள், அவ்வளவுதான், இனியா கையை இழுத்துக்கொள்வாள். அரசுப் பள்ளிக்கூடம் பக்கத்தில்தான். போகிற வழியும் சமதரைதான். நடுவில் ராஜகாலுவே இருக்கிறது.

மழைத் தண்ணீர் ஓடுவதற்காக வெட்டிய பெரிய வாய்க்காலை இங்கே ராஜகாலுவே என்பார்கள். பெயரில்தான் ராஜா. மழையில்லாத நாளில் சாக்கடை, மழை நாளில் ஆறு. குறுக்கே எப்போதோ யாரோ போட்ட கல்பலகைகள் கிடக்கின்றன. பெரியவர்களும் மற்ற பிள்ளைகளும் அதில் நடந்து போகிறார்கள். பலகை இவ்வளவுதான் என்று மங்களா எனக்குக் கையால் அகலம் காட்டினாள். வாக்கரின் கால்கள் அதைவிட அகலம்.

இரண்டு வருஷமாக சித்தராஜு தினமும் அவளைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கரையில் விட்டு, வாக்கரைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இந்தக் கோடையில் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் திறந்ததும் மங்களா தூக்க ஆரம்பித்தாள். பிள்ளை வளர்ந்துவிட்டாள், இடுப்பில் நிற்கவில்லை. ஒரு மழை நாளில் மங்களாவின் கால் வழுக்கி முழங்கால்வரை வாய்க்காலுக்குள் போயிற்று. பிள்ளையை விடவில்லை. பை போய்விட்டது. அதற்குப் பிறகு மழை பெய்தால் பூமிகா வீட்டில்தான். இங்கே ஜூனில் மழை பெய்யாத நாள் குறைவு.

தலைமை ஆசிரியை நல்லவர். மங்களாவைக் கூப்பிட்டு, "இப்படி விட்டு விட்டு வந்தால் பிள்ளைக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். தசரா லீவுவரைக்கும் பார்ப்போம். அதற்குள் தினமும் வர வழி பண்ணுங்கள். முடியாவிட்டால் வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளைகளோடு சேர்த்துவிடலாம். வாரத்தில் ஓரிரு நாள் டீச்சர் வீட்டுக்கே வருவார்" என்று சொல்லியிருக்கிறார்.

கொடியில் துணி போட்டுக்கொண்டே மங்களா என்னிடம் இதைச் சொன்னாள்.

"வீட்டுக்கே வர்றாங்ளாமுங்க்கா. நல்லதுதானேன்னு எல்லாரும் கேக்கறாங்க. நல்லதுதானுங். ஆனா அவ அங்க போறது பாடத்துக்கு மட்டுமில்லைங்ளே. அங்க இவளுக்கு நாலு பேரு சண்டை போட இருக்காங்க. இங்க யாரோட சண்டை போடுவா? எங்கூடவா?"

"பாலம் மாதிரி சின்னதா ஒண்ணு போட்டுட்டா?" என்றேன்.

"யாருங்க போடுவா? இவரு வார்டு ஆபீஸ்ல கேட்டாரு. எம்.எல்.ஏ. நிதியில கேளுங்கன்னுட்டாங்க. எம்.எல்.ஏ. முன்னாடி போய் நிக்க எங்களுக்கு வாய் வருமுங்ளா? எனக்கு லீவும் கெடைக்காதுங்."

"நான் போறேன். நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே."

இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. பி.எஸ்ஸி., பி.எட். படித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். உபயோகமாக ஏதாவது செய்கிறேன் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் அதில் இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். இருந்திருக்கும்.

3

எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். மாயவரத்தில் அம்மாவின் குரல் தாழ்ந்துவிட்டது.

"தனியாவாடி? கட்சிக்காரங்க யாரையாவது கூட்டிக்கிட்டுப் போ. வட்டச் செயலாளர் மாதிரி யாராவது இருப்பாங்கல்ல?"

"இங்க அப்படியெல்லாம் இல்லம்மா. ஊர்ல இருக்கறப்போ காலையில நேராப் போய்ப் பாக்கலாமாம்."

"நேராவா? சரி, சால்வை ஒண்ணு வாங்கிக்கோ. வெறுங்கையோட போகாதே."

ஆடி பிறந்த அந்த வாரத்தில் ஒரு காலை, புதுச் சால்வையும் தட்டச்சு செய்த மனுவுமாகப் போனேன். படியேறி உள்ளே போனால் நீளக் கூடம். சுவரோரம் நாற்காலிகள். அவர் வேட்டியும் பனியனுமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பக்கத்தில் பி.ஏ., கழுத்தில் இரண்டு போன். நம் ஊரில் ஒரு எம்.எல்.ஏ.வைப் பனியனோடு பார்த்திருக்கிறோமா? எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

சால்வையை நீட்டினேன். வாங்கிப் பக்கத்து மேஜையில் வைத்தார். அங்கே ஏற்கெனவே சால்வைகள் அடுக்காக இருந்தன.

பாடமாக்கி வைத்திருந்த கன்னடத்தில் ஆரம்பித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் வினைச்சொல் தொலைந்துவிட்டது. நான் திணறுவதைப் பார்த்து அவரே தமிழுக்கு வந்தார். அவருடைய தமிழ் என் கன்னடத்தைவிட நன்றாக இருந்தது.

"தமிழ்ல சொல்லும்மா. நம்ம ஏரியாவுல தமிழ் ஓட்டு நெறைய இருக்கு. தமிழ் கத்துக்காம எலக்‌ஷன்ல நிக்க முடியுமா?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் தைரியம் வந்தது. பூமிகாவைப் பற்றிச் சொன்னேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வாக்கரின் அகலத்தை நான் கையால் காட்டியபோது, மங்களா காட்டியதைப் போலவே காட்டுகிறேன் என்று எனக்குத் தோன்றியது.

"உன் மகளா?"

"இல்ல சார். பக்கத்து வீட்டுப் பிள்ளை."

"சின்ன வேலைதான். பண்ணிடலாம்" என்றார். பி.ஏ.வைப் பார்த்தார். பி.ஏ. குனிந்து ஏதோ சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். "இப்ப ஆஷாடம். ஆஷாடத்துல புது வேலைக்கு குத்தலி பூஜை பண்ண மாட்டோம். ஆஷாடம் முடிஞ்சதும் வா. வந்து ஞாபகப்படுத்து. நான் ஊர்லதான் இருப்பேன். அப்புறம் செஷன் ஆரம்பிச்சா பெங்களூர் போயிடுவேன்."

குத்தலி என்றால் மண்வெட்டி. நம் பூமி பூஜைதான். வேலை தொடங்குமுன் மண்வெட்டிக்குப் பூவும் குங்குமமும் வைத்து, பெரியவர் ஒருவர் ஒரு கொத்துக் கொத்துவார்.

வாசல்வரை வந்த பி.ஏ. செருப்புகளுக்கு நடுவே என் செருப்பைத் தேட இடம்விட்டு நின்று மெல்லிய குரலில் சொன்னார்: "மேடம், மறக்காம வாங்க. இந்த வருஷ நிதியில மிச்சம் கொஞ்சம்தான். முன்னாடி வந்து உக்காந்தவங்களுக்குத்தான் நடக்கும். மனு நூறு வரும். மனு நடந்து வராது, ஆள்தான் நடந்து வரணும்."

வீட்டுக்கு வந்து சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். அம்மா ஒவ்வொரு வருஷமும் மாயவரத்திலிருந்து கொடுத்தனுப்புவது. ஆடி முடிய இன்னும் நாளிருந்தது. ஆவணி முதல் தேதியில் ஒரு வட்டம் போட்டேன்.

4

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு என் முட்டாள்தனம் புரியாமல் போகலாம், ஏனென்றால் நீங்களும் அதையேதான் செய்திருப்பீர்கள். ஆஷாடம் என்றால் ஆடி. ஆடியில் நல்ல காரியம் தொடங்க மாட்டோம். இவர்களும் ஆஷாடத்தில் தொடங்குவதில்லை. நமக்கு ஆடி வெள்ளி அம்மன் கோயில். இவர்களுக்கு ஆஷாட வெள்ளி சாமுண்டி மலை. புது மணப்பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவதுகூட ஒன்றே. இதில் என்ன வித்தியாசம் இருக்க முடியும்?

மாதம் முடிகிற நாள் வேறு. நமக்குச் சூரியன் ராசி மாறினால் மாதம் பிறக்கும். இவர்களுக்கு அமாவாசையோடு மாதம் முடியும். நாம் ஆடி அமாவாசை என்று அப்பா தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற அதே நாளில் இவர்களுடைய ஆஷாடம் முடிந்து, மறுநாள் சிராவணம் பிறந்துவிடுகிறது. இந்த வருஷம் நம் ஆடியில் பெரும்பகுதி அப்போதும் மிச்சமிருந்தது.

ஆடி பிறக்கும் முன்பே மலைக்கு வரிசையாகப் பஸ் போனதை நான் பார்த்தேன். இந்த ஊரில் எல்லாவற்றையும் கொஞ்சம் முன்கூட்டியே ஆரம்பித்துவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்து, தவறான பதிலைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்த அமாவாசையன்று மங்களா லீவு போட்டிருந்தாள். இங்கே அன்றைக்குப் பெண்கள் கணவன் காலைக் கழுவி, பூ வைத்துப் பூஜை செய்வார்கள். சித்தராஜு வெட்கத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூமிகா உள்ளிருந்து, "அப்பா, கூச்சம் இருந்தா கால நீட்டாதீங்க, என்னை நீட்டச் சொல்லுங்க, அம்மா எனக்குப் பூஜை பண்ணட்டும்" என்று கத்தினாள். மூன்று பேரும் சிரித்தார்கள். என் வீட்டில் அதே நேரம் என் கணவர் சுந்தர் தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு ஈர வேட்டியோடு காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு மங்களா ஒரு தட்டில் கடுபு, நம் கொழுக்கட்டைதான், கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு வாசலில் கொஞ்சம் நின்றாள். ஏதோ கேட்கப் போகிறவளைப் போல இருந்தாள். நான் தட்டைக் கழுவி, வெறுமையாகக் கொடுக்கக் கூடாதென்று கொஞ்சம் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பிறகு வந்த நாட்களில் எம்.எல்.ஏ. வீட்டுப் படியில் செருப்புகளைத் தினமும் பார்த்தேன். ஒருநாள் மனசு கேட்காமல் சுந்தரிடம், "ஒருதடவை சும்மா போய்ட்டு வரட்டுமா?" என்றேன்.

"ஆடி முடியட்டும்னு சொன்னவர்கிட்ட நடுவுல போய் நின்னா? நமக்கு விவரம் தெரியாதும்பாங்க. இன்னும் கொஞ்ச நாள்தானே."

அம்மாவும் அதையே சொன்னாள். ஆடியில் போய்க் கேட்டால் காரியம் விளங்காது என்றாள். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடந்தேன். சின்ன வயதிலிருந்து எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

இடையில் வரலட்சுமி நோன்பு வந்தது. மங்களா வீட்டில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டேன். அவள் அன்றும் ஒன்றும் கேட்கவில்லை.

5

ஆவணி பிறந்ததும் தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். படிகள் சுத்தமாக இருந்தன. காவலாளி போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சாஹேப்ரு பெங்களூரு. செஷன்."

"எப்ப வருவாங்க?"

கையை விரித்தார்.

பக்கவாட்டில் இருந்த அலுவலக அறையில் பி.ஏ. மட்டும் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"என்ன மேடம், இப்ப வர்றீங்க?"

"ஆஷாடம் முடிஞ்சதும் வரச் சொன்னாரே சார்."

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். கேலி செய்கிறேனோ என்று நினைத்திருக்கலாம். "ஆஷாடம் முடிஞ்சு சிராவணமே பாதி தாண்டியாச்சு" என்றார். பிறகு அவருக்கே விளங்கியது. "ஓ. உங்க காலண்டரா?"

நான் தலையாட்டினேன்.

அமாவாசை முடிந்த இரண்டாம் நாளே ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து லேஅவுட்டிலிருந்து ஆட்கள் டெம்போவில் வந்து கூடம் நிறைய உட்கார்ந்துவிட்டார்களாம். கணபதி பண்டிகைக்குப் பந்தல் போடும் மைதானத்துக்கு முன்னால் சிமெண்ட் ரோடு வேண்டுமென்று. எழுந்திருக்கவே இல்லையாம். பூஜை முடிந்து ஜல்லியும் கொட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த நிதி அதற்குப் போய்விட்டது.

"பாலத்து அம்மா வரலையான்னு சாஹேப் ஒருநாள் கேட்டாரு மேடம்."

அவர் இதை எதற்காகச் சொன்னார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். எம்.எல்.ஏ. உண்மையிலேயே கேட்டாரா? அல்லது எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பி.ஏ. சேர்த்துக்கொண்டாரா? கேட்டிருந்தால் என் போன் எண் மனுவில் இருந்ததே, ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே என்று முதலில் கோபம் வந்தது. அந்தக் கோபம் தெருமுனைவரைகூட நிற்கவில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து ஆட்களை யாரும் போனில் கூப்பிடவில்லை.

6

அன்று மங்களா வேலையிலிருந்து வரும்வரை வாசலில் நின்றேன். பஸ்ஸை விட்டு இறங்கி, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே வந்தாள். சொன்னேன். எப்படிச் சொல்ல வேண்டுமென்று ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஆடி முடியறதுக்குக் காத்திருந்தீங்ளா?" என்று கேட்டாள். ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. உடனே அடக்கிக்கொண்டாள். "நான் நீங்க போயிட்டு வந்துட்டீங்கன்னு நெனச்சேனுங்க்கா. அமாவாசை ஆனதும் போயிருப்பீங்க, ஆகலைன்னு சொல்ல மனசில்லாம இருக்கீங்கன்னு."

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மங்களா."

"எப்படிங்க கேக்கறது? நீங்க எங்களுக்காகப் போறீங்க. போனீங்ளா, போனீங்ளான்னு நான் பின்னாடியே வந்தா நல்லாவா இருக்கும்?"

நான் அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள். "பரவாயில்லைங்க்கா, விடுங். நம்ம நேரம்" என்று முதுகில் தட்டினாள். தேற்ற வேண்டியவள் தேற்றப்பட்டுக்கொண்டு நின்றது எவ்வளவு வெட்கம் என்று வீட்டுக்குள் வந்த பிறகுதான் உறைத்தது.

இனியா சாப்பிடும்போது விஷயத்தைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கன்னடத்தில், "அதுகூடத் தெரியாதா உனக்கு? அமாவாசைக்கு மாசம் முடியும்னு எங்க மிஸ் சொல்லிக்கொடுத்தாங்களே" என்றாள். அவளுக்குத் தமிழ் மாதங்களின் பெயர்கள் வரிசையாகத் தெரியாது. சைத்ரம் வைசாகம் என்று ஒப்பிப்பாள். அதைப் பெருமையாக வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருநாளும் கவனித்துக் கேட்டதில்லை. இந்த ஊர் என் மகளுக்குத் தானாகவே கிடைத்துவிட்டது. எனக்கு அவளிடம்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

தசரா லீவு வந்தது. லீவு முடிந்ததும் பூமிகாவின் பெயரை வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளைகளோடு சேர்த்தார்கள். டீச்சர் ஸ்கூட்டரில் வருகிறார். பொறுமையானவர். பூமிகா பின்வீட்டு வாசலில் பாயில் உட்கார்ந்து படிக்கிறாள். டீச்சர் வராத நாட்களில், சித்தராஜு வேலைக்குப் போன பிறகு, நான் அவளுக்குச் சோறு போடுகிறேன், கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பாடத்தில் அவள் கெட்டுப்போகவில்லை. ஆனால் இனியா தொட்டுப் பிடித்தாலும் இப்போதெல்லாம் முறைப்பதில்லை. கையைக் கொடுத்துவிடுகிறாள். வாக்கர் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. மங்களா அதன்மேல் துண்டு காயப்போடுகிறாள்.

ஒரு கேள்வியைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். அது இனியா போகிற வழியாக இருந்திருந்தால் நான் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேனா? சுந்தர் சொன்னார், அம்மா சொன்னாள் என்று இருந்திருப்பேனா? தினமும் அந்தப் படியில் போய் நின்றிருப்பேன். "மறுபடி வந்துட்டியா" என்று அவர் சலித்துக்கொள்ளும்வரை நின்றிருப்பேன். என் மகளுக்கு வேன் தெருமுனைக்கே வருகிறது.

7

இந்த முறை செருப்புகளைப் பார்த்த உடனே வீட்டுக்குக்கூட வராமல் அப்படியே உள்ளே போனேன். சால்வை இல்லை, மனு இல்லை, வீட்டுப் புடவை. கூடத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குப் பிறகு வந்தவர்கள்கூட முன்னால் போனார்கள். எழுந்திருக்கவில்லை. இட்லி அரிசி ஊறப்போட்டதும், குக்கர் வைக்காததும் நினைவுக்கு வந்தன. எழுந்திருக்கவில்லை.

கடைசியில் அவரே பார்த்தார். "பாலத்து அம்மா!" என்றார். ஆக, ஆடியில் அவர் கேட்டது உண்மையாகத்தான் இருக்கும். அது தெரிந்தபோது சந்தோஷமாக இல்லை.

"பாக்கி நிதி வந்திருக்கு. இந்தத் தடவை உன் வேலையை முதல்ல எழுதச் சொல்றேன்" என்றார்.

நான் அவரை நம்பாமல் பி.ஏ.வைப் பார்த்தேன். "இப்ப மார்கழி, தனுர்மாசம். அதுவும் ஆகாதா சார்?" என்று கேட்டேன்.

எம்.எல்.ஏ. சிரித்தார். "காகித வேலைக்கு மாசம் கெடையாது. சங்கராந்தி முடிஞ்சு பூஜை. சங்கராந்தி உனக்கும் எனக்கும் ஒரே நாள்தானே? பொங்கல்!"

கூடம் சிரித்தது. பி.ஏ. கதையை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார் போல. சிரிக்கட்டும் என்று நின்றேன்.

வாசலில் பி.ஏ. வந்து, "மேடம், பூஜை அன்னிக்கு அந்தப் பொண்ணைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. வாக்கர் பிடிச்சு சாஹேப் பக்கத்துல நிக்கட்டும். போட்டோ பேப்பர்ல வந்துட்டா அப்புறம் யாரும் வேலையை மாத்த முடியாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

அவர் சொன்னது சரி. அதுதான் என்னை வதைத்தது. மங்களாவிடம் எப்படிக் கேட்பது என்று அன்று முழுவதும் குழம்பினேன். ஞாயிற்றுக்கிழமை கேட்கலாம் என்று தள்ளிப்போட நினைத்து, தள்ளிப்போட்டதால் வந்த வினையை நினைத்து, மறுநாள் சனிக்கிழமை அவள் அரைநாள் வேலை முடிந்து வந்த உடனே பின்வீட்டுக்குப் போனேன்.

பாயில் பூமிகா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். மங்களா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை முறத்தை நிறுத்தவில்லை.

"வாக்கரோட நிக்க வெக்க மாட்டேனுங்க்கா" என்றாள்.

"சரி. நான் அவங்ககிட்ட..."

"வரமாட்டேன்னு சொல்லலைங். வர்றேன். இடுப்புல தூக்கிட்டு வந்து, அந்தப் பலகை மேலேயே நிக்கறேன். போட்டோ வேணும்னா அத எடுத்துக்கட்டும். எதுக்குப் பாலம் கேட்டோம்னு பேப்பர் படிக்கறவனுக்குத் தெரியட்டுமே."

எனக்கு அப்படி ஒரு பதில் தோன்றியே இருக்காது. பூமிகா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"பாலம் கட்டிட்டா இந்த மிஸ் வரமாட்டாங்களா ஆன்ட்டி?"

"நீயே ஸ்கூலுக்குப் போயிடுவியே. முந்தி மாதிரி."

எழுதிய வரியை ரப்பரால் அழித்தாள். திரும்ப எழுதினாள்.

"அங்க எல்லாரும் இப்ப எந்தப் பாடத்துல இருக்காங்க?"

மங்களாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"ரொம்ப முன்னாடி போயிருப்பாங்களா? அப்ப நான் போனா எனக்கு ஒண்ணும் தெரியாம இருக்குமே. சிரிப்பாங்க" என்றாள். பிறகு, வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் விடுகிற மூச்சைப் போல ஒரு மூச்சு விட்டாள். "கேட்டுட்டு வர்றீங்களா?"

சனிக்கிழமை பள்ளிக்கூடம் காலையோடு முடிந்துவிடும், ஆனால் தலைமை ஆசிரியை கணக்கு எழுதிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார் என்று மங்களா சொன்னாள். திங்கட்கிழமை போகிறேன் என்று என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு எழுந்தேன். வேலியோரம் வளைந்து, மாட்டுக் கொட்டகையைத் தாண்டி, நாற்றம் வருகிற திசையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழியில் ஒரு பையனிடம் கேட்க வேண்டியிருந்தது.

பலகை மங்களா கையால் காட்டியதைவிடக் குறுகல். நடுவில் உடைந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மழையே இல்லாத மாதத்திலும் கீழே கறுப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஒரு காலுக்குப் பின்னால் இன்னொரு காலாகப் பாதிதூரம் வந்த பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. எந்த இடத்துக்காக எம்.எல்.ஏ.விடம் இரண்டு முறை போய்க் கேட்டேனோ அந்த இடத்தில் நான் இதுவரை ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. திரும்ப முடியாத அளவுக்கு அது ஒடுக்கமாக இருந்தது. அக்கரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.